எண் இடுவது எந்திரம். வாக்குக் கொடுப்பது யார்?

பாலக்காட்டுச் சந்திப்பில் வந்து இறங்கும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் தம் பயணச் சீட்டை ஒரு முறை உற்றுப் பார்த்தல் நலம். இவ்வூரின் பெயரை ஆங்கிலேயர் ‘பால்காட்’ என்று சிதைத்து எழுதிய காலம் போயிற்று. நிலையப் பலகையில் இன்று ‘பாலக்காடு’ என்றே காண்கிறோம். ஆயினும், இரயில்வேயின் குறியீட்டில் அந்நிலையம் இன்றும் ‘பி.ஜி.டி.’தான். 1996-இல் மதராஸ் சென்னையாயிற்று; 2019-இல் அங்குள்ள நடுவண் நிலையம் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கிற்று, குறியீடோ ‘எம்.ஏ.எஸ்.’ என்றே நிற்கிறது. பெயரை மாற்றியவர்கள் குறியீட்டை ஏன் விட்டு வைத்தார்கள்? எத்தனையோ சீட்டு அலுவலகங்களும் சரக்குக் கணக்குகளும் கணிப்பொறிகளும் அந்த மூன்றெழுத்தை நம்பி இருக்கின்றன. பெயர் பார்ப்பவர்க்கு, குறியீடு நம்பியிருப்பவர்க்கு. நம்பியிருப்பவரை நட்டாற்றில் விடாமைதான் அறம்.

இந்த அறத்தைக் கணிப்பொறி உலகில் காக்க வேண்டிய ஒன்று உண்டு. அதன் பெயர் பதிப்பெண். அதைப் பற்றியே இக்கட்டுரையில் என் கருத்தைக் கூற விழைகிறேன். ‘இது நிரல் எழுதுபவர் கவலை, நமக்கென்ன?’ என்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இயற்பியல் பயிலும் எனக்கே இக்கவலை மூன்று வாரம் உறக்கத்தைக் கெடுத்தது.

நூலகம் என்றதும் நமக்குப் புத்தக அலமாரி நினைவுக்கு வரும். நிரல் நூலகம் என்பது வேறு. ஒருவர் எழுதி வைத்த கணக்கு முறைகளைப் பலரும் எடுத்து ஆளுமாறு தொகுத்து வைத்திருப்பது அது. சராசரி காண ஒன்று, வரைபடம் தீட்ட ஒன்று, எழுத்துகளைப் பிரிக்க ஒன்று என்று ஆயிரமாயிரம் உண்டு. ஒரு நூலகம் மற்றொன்றை நம்பும். அது வேறொன்றை நம்பும். நாம் எழுதுவது பத்து வரி. அதன் அடியில் கிடப்பது பத்தாயிரம் வரி. அடியில் ஒரு கல் நகர்ந்தால் மேலே நம் சுவர் விரிசல் விடும்.

ஆகவே நூலகம் மாறும் போதெல்லாம் அதற்கு ஓர் எண் இடுகிறார்கள். பெரும்பாலும் புள்ளியால் பிரிந்த மூன்று எண்கள்: 2.4.1 என்பது போல. இவற்றை முதலெண், நடுவெண், கடையெண் என்று நாம் அழைக்கலாம். கிட்ஹப் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் இவற்றுக்குப் பொருள் வகுத்து ஒரு விதி எழுதினார். 2013-இல் வந்த அதன் 2.0.0 பதிப்பே இன்று பெருவழக்கு. விதி எளியது. பிழையை மட்டும் திருத்தினால் கடையெண் ஏறும். பழையது எதையும் குலைக்காமல் புதிய வசதி சேர்த்தால் நடுவெண் ஏறும். பழைய பயன்பாடு குலையுமானால் முதலெண் ஏற வேண்டும். முதலெண் சுழியமாக இருக்கும் வரை எதுவும் மாறலாம் என்பது முன்னெச்சரிக்கை. இவை தசம எண்கள் அல்ல என்பதையும் நினைவில் கொள்க. 2.9-க்குப் பின் வருவது 2.10, அது 2.1 அன்று.

கேரளத்துப் பள்ளியில் படித்த நமக்கு வேறொரு வகை எண்ணும் பழக்கம். நான் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது கணிப்பொறி அறையில் 14.04 என்ற எண்ணைக் கண்டேன்; பிறகு 18.04 வந்தது, அதன் பின் 22.04. இவை உபுண்டு என்னும் அமைப்பின் எண்கள். 18.04 என்றால் 2018-ஆம் ஆண்டின் நான்காம் மாதம் என்று பொருள். அது பிறந்த நாளைச் சொல்லும், வேறெதையும் வாக்களிக்காது. மூன்றெண் முறையோ பிறந்த நாளைச் சொல்லாது. ‘உன் பழைய வேலையை நான் கெடுக்கவில்லை’ என்றோ, ‘கெடுத்திருக்கிறேன், கவனம்’ என்றோ வாக்களிக்கும். ஒன்று நாட்காட்டி, மற்றொன்று உறுதிமொழி. நம் பேச்சு உறுதிமொழியைப் பற்றியது.

உறுதிமொழி என்று வந்தவுடன் மனித மனத்தின் கோணல்களும் உடன் வந்துவிடுகின்றன. முதலெண்ணை ஏற்றினால் பயன்படுத்துவோர் முகம் சுளிப்பரே என்று அஞ்சி, குலைத்ததை மறைத்து நடுவெண்ணோடு நிறுத்திக் கொள்பவர் உண்டு. சிறு மாற்றத்தைப் பெரிதாகக் காட்ட முதலெண்ணைத் தாவ விடுபவரும் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் லினக்ஸ் கருவை 2.6.39-இலிருந்து 3.0 ஆக்கினார். பெருமாற்றம் நிகழ்ந்ததனால் அன்று. எண் நீண்டுவிட்டது என்பதனால். அவர் மூன்றெண் விதிக்கு வாக்குப்பட்டவர் அல்லர், ஆகவே குற்றமில்லை. விண்டோஸ் 8.1-க்குப் பின் 9 வரவில்லை. 2015-இல் 10 வந்தது. எண்ணை மனிதன் கையில் கொடுத்தால் அவன் அதற்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டத் தொடங்கிவிடுகிறான்.

இதைக் கண்டு சலித்தவர்கள், ‘எண் இடும் வேலையை எந்திரத்திடமே விடுவோம்’ என்றார்கள். ‘செமான்டிக் ரிலீஸ்’ என்னும் கருவி அவ்வாறு பிறந்தது. நிரலில் ஒரு மாற்றம் செய்து பதியும் போது, அதன் குறிப்பை ஒரு முறைப்படி எழுத வேண்டும். ‘ஃபிக்ஸ்’ என்று தொடங்கினால் திருத்தம். ‘ஃபீட்’ என்று தொடங்கினால் புது வசதி. ‘பிரேக்கிங் சேஞ்ச்’ என்று எழுதினால் பழையது குலைகிறது. எந்திரம் சென்ற வெளியீட்டுக்குப் பின் வந்த குறிப்புகளை எல்லாம் படிக்கும், எந்த எண் ஏற வேண்டும் என்று தீர்மானிக்கும், மாற்றப் பட்டியல் எழுதும், வெளியிட்டும் விடும். ஆசைக்கும் அச்சத்துக்கும் அங்கே இடமில்லை என்பர் இம்முறையினர். எண் எழுத மறப்பதும் இல்லை. ஒரே எண்ணை இருமுறை இடுவதும் இல்லை.

நன்று. எண்ணுவதும் கூட்டுவதும் எந்திரத்தின் தொழில். அதை மனிதன் செய்து களைத்துப் பிழை செய்வானேன்? அந்த அளவில் இம்முறையை நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன். ஆனால், ‘இனி எண்ணை நம்பலாம்; எந்திரம் இட்டதாயிற்றே’ என்று சிலர் சொல்லும் போதுதான் என் மனம் ஒப்ப மறுக்கிறது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் பிறந்தது தேவிகுளம் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்த குடும்பம். மார்கழி, தை மாதங்களில் மூணாற்றுப் பக்கம் உறைபனி விழும். வெண்பனி கண்ணுக்கு அழகு. தேயிலைக்கு அது நெருப்பு. இலை கருகினால் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையேல் எங்கள் லயத்தில் கூலி குறையும். ஆகவே என் ஆய்வேட்டிற்கு இரவு வெப்பநிலையையே பொருளாக எடுத்துக் கொண்டேன். அளவுக் குறிப்புகளில் இடையிடையே வெற்று நாட்கள் உண்டு. அந்நாட்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைக் காண ஒரு நிரல் எழுதினேன். விடை வந்தது. வழிகாட்டியும் ஏற்றுக் கொண்டார்.

சில திங்கள் கழித்து அதே நிரலை, அதே அளவுகளோடு ஆய்வகத்தில் மீண்டும் ஓட்டினேன். விடை மாறிவிட்டது! குளிர் இரவுகள் முன்னிலும் மிகுந்திருந்தன. நிரல் நின்று போயிருந்தால் உடனே விழித்திருப்பேன், அது நிற்கவில்லை. வாய் கூசாமல் வேறொரு விடையைச் சொல்லிற்று. மூன்று வாரம் என் கணக்கையே ஐயுற்றேன். கடைசியில் கண்டது இது: நான் நம்பியிருந்த ஒரு சிறு நூலகம் வெற்று நாளை விட்டுவிடாமல் சுழியமாகக் கொள்ளத் தொடங்கியிருந்தது. வெற்று நாளெல்லாம் உறைபனி நாளாகிவிட்டது! ஆய்வகக் கணிப்பொறி தானாகவே அப்புதிய பதிப்பை ஏற்றுக் கொண்டிருந்தது. ஏன் ஏற்றது? மாறியது கடையெண் மட்டும்; ஆகவே தீங்கில்லை என்று அது கருதிற்று. அக்கடையெண்ணை இட்டதும் ஓர் எந்திரமே. அந்நூலகத்தார் அம்மாற்றத்தைத் திருத்தம் என்று மனமார நம்பிக் குறித்திருந்தார்கள். எந்திரம் அவர் சொல்லை நம்பிற்று. கணிப்பொறி எந்திரத்தை நம்பிற்று. நான் கணிப்பொறியை நம்பினேன். இந்த நம்பிக்கைச் சங்கிலியில் ‘இது யாரையேனும் பாதிக்குமோ?’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது என் ஒருவனுக்கு நேர்ந்த விபத்து என்று தள்ளிவிட வேண்டா. 2020 ஏப்ரல் 25 அன்று ‘இஸ்-பிராமிஸ்’ என்னும் மிகச் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் 2.2.0 என்ற பதிப்பை வெளியிட்டது. அதன் உள்ளீடு இரண்டொரு வரிதான். புது வகை இறக்குமதிக்கு இடம் தருவது நோக்கம். சேர்த்தல்தானே என்று நடுவெண் ஏறிற்று. ஆனால் அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் அன்றைக்கு உடைந்தன, 2.2.2 வந்த பின்னரே ஓய்ந்தன. அங்கே பொய் சொன்னவர் எவருமில்லை. சேர்த்தல் என்று எண்ணியது பிறர்க்குக் குலைவாயிற்று. மாவன் என்னும் ஜாவா நூலகக் களஞ்சியத்தை ஆராய்ந்து 2014-இல் ரேமேக்கர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வும், வெளியீடுகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பழையதைக் குலைக்கிறது என்றே கண்டது.

தொலைவில் தேடுவானேன்? நாம் வாழும் கேரளத்திலேயே சிறந்த சான்று ஒன்று உண்டு. மலையாளத்தில் ‘சில்லு’ எழுத்துகளை அறிவீர்கள். ‘அவன்’ என்ற சொல்லின் ஈற்றில் நாம் னகரத்தின் மேல் புள்ளி வைக்கிறோம். அவர்கள் அதற்கெனத் தனி வடிவம் எழுதுகிறார்கள். கணிப்பொறியில் முன்பு இந்த வடிவத்தை மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பி என்று மூன்று குறியீடுகளைச் சேர்த்துப் பெற்றார்கள். 2008-இல் யூனிகோடு 5.1 பதிப்பு சில்லு எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியீடு வழங்கிற்று. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வக் குழு இதனை எதிர்த்தது. ஏன்? பழைய வழியும் அழியவில்லை. புதிய வழியும் சேர்ந்தது. ஒரே சொல் இருவகையாய் எழுதப்படலாயிற்று. கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு இரண்டு. ஒரு வகையில் தேடினால் மற்ற வகையில் எழுதியது அகப்படுவதில்லை.

இப்போது பதிப்பெண்ணை நோக்குங்கள். 5.0 என்பது 5.1 ஆயிற்று; அவ்வளவே. எழுத்து ஒன்றுகூட நீக்கப்படவில்லை. இடம் மாற்றப்படவும் இல்லை. ஒருமுறை இடம் பெற்ற எழுத்தை நீக்குவதில்லை, நகர்த்துவதில்லை என்பது யூனிகோட்டின் உறுதி. யூனிகோடு நம் மூன்றெண் விதியைப் பின்பற்றுவதன்று. ஆயினும் அவ்விதியின் கண்ணால் பார்த்தாலும் இது வெறும் சேர்த்தலே. எந்த எந்திரத்தைக் கேட்டாலும் ‘நடுவெண்’ என்றே சொல்லியிருக்கும். ஆனால் தன் பெயரின் ஈற்றில் சில்லு உள்ள ஒருவருக்கு, இரண்டு பட்டியல்களில் தம் பெயர் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது சிறு செய்தியா? குலைவு என்பது நிரலில் மட்டும் இல்லை. அதை ஆளும் மக்களின் வாழ்வில் இருக்கிறது. நிரலை மட்டும் பார்க்கும் கண் அதைக் காணாது.

‘குறிப்பை நம்பும் எந்திரம் ஏமாறலாம், நிரலையே ஒப்பிட்டுப் பார்க்கும் எந்திரம் ஏமாறாதே!’ என்று விடுதி நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. எல்ம் என்னும் நிரல் மொழியில் அத்தகைய ஏற்பாடு இருக்கிறது. பழைய பதிப்பின் வாயிலையும் புதிய பதிப்பின் வாயிலையும் அக்கருவி ஒப்பிடும். ஒரு செயற்கூற்றின் பெயர் மறைந்தாலோ, அது ஏற்கும் பொருளின் வகை மாறினாலோ முதலெண்ணை ஏற்றியே ஆக வேண்டும். இல்லையேல் வெளியிட விடாது. ரஸ்ட் மொழிக்கும் இத்தகைய சோதனைக் கருவி உண்டு. இது முன்னதிலும் மேலான முறை என்பதை ஒப்புக் கொள்கிறேன்.

ஆனால் நண்பரிடம் ஒரு வினா விடுத்தேன். தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணித் தரும் நூலகம் ஒன்றை நாம் எழுதுகிறோம் என்று வைத்துக் கொள்வோம். ‘க்ஷ’ என்பதை நேற்று வரை ஓர் எழுத்தாக எண்ணினோம். இன்று முதல் இரண்டாக எண்ணுகிறோம். கொடுப்பது சொல்; பெறுவது எண். பெயர் மாறவில்லை, வகை மாறவில்லை, வாயில் அப்படியே இருக்கிறது. உங்கள் எந்திரம் என்ன சொல்லும்? ‘மாற்றமே இல்லை’ என்று சொல்லும். அகராதி தொகுப்பவருக்கோ வரிசை முழுதும் கலைந்துவிடும். ‘எழுத்து எது?’ என்பது இலக்கண ஆசிரியர்கள் வழக்காடிய வினா. அதை வகை ஒப்பிடும் கருவி எவ்வாறு தீர்க்கும்? நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘சோதனைகள் எழுதி வைத்தால் அகப்படுமே’ என்றார். அது நல்ல விடை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இக்கதையை என் தாயாரிடம் சொன்னேன். அவர் முப்பது ஆண்டு கொழுந்து எடுத்தவர். முன்பெல்லாம் கொழுந்து நிறுப்பது கைத்தராசில். எடையைக் குறிப்பது கங்காணியின் நோட்டில். எண்ணில் ஏமாற்று உண்டு என்று பெண்கள் முணுமுணுப்பர். பின்பு மின்தராசு வந்தது. எடை கண்ணெதிரே ஒளிர்ந்தது. அனைவரும் மகிழ்ந்தனர். ஆயினும் சாக்கின் எடைக்கும், மழை நாளில் இலையில் ஒட்டிய நீருக்கும் என்று ஒரு கழிவு உண்டே! அதை இடுவது யார்? அது இன்னும் ஒரு மனிதரின் வாய்ச் சொல்தான். நான் பதிப்பெண் கதையைச் சொல்லி முடித்ததும் அம்மா சொன்னார்: “மிசினு பொய் சொல்லாதுப்பா. கழிவு போடுறது யாருன்னு பாரு.”

நூல் பல கற்றும் நான் மூன்று வாரத்தில் கண்டதை அவர் ஒரு சொல்லில் கண்டுவிட்டார். தானியங்கி முறை தீர்ப்பை ஒழிப்பதில்லை. அதை வேறோர் இடத்துக்கு நகர்த்துகிறது. முன்பு எண் இடும் போது தீர்ப்பு வழங்கினோம்; இப்போது குறிப்பு எழுதும் போது வழங்குகிறோம். முன்னது வெளியீட்டு நாளில், நாலு பேர் பார்க்க நடந்தது. பின்னதோ நள்ளிரவில், களைத்த கண்ணோடு, ‘ஃபிக்ஸ்’ என்று நாலெழுத்துத் தட்டும் போது நடந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான்.

அப்படியாயின் செய்யத்தக்கது என்ன? என் கருத்துகளைக் கூறுகிறேன். குற்றமிருப்பின் மூத்தோர் திருத்துக.

முதலாவது, எண்ணைக் கூட்டுவதும் வெளியிடுவதும் எந்திரத்திடமே இருக்கட்டும். அதை மீண்டும் கைக்குக் கொண்டு வருதல் பின்னோக்கி நடப்பதாகும்.

இரண்டாவது, எந்திரத்தைக் கணக்கராக மட்டும் வைத்துக் கொள்ளாமல் சாட்சியாகவும் ஆக்குக. பழைய பதிப்பின் சோதனைகளைத் திருத்தாமல் அப்படியே புதிய நிரல் மீது ஓட்டச் செய்க. ஒன்று தோற்றாலும், குறிப்பு எதுவாயினும், வெளியீடு நிற்கட்டும். நண்பர் சொன்ன விடை இதுவே. ஆனால் சோதனை எழுதாத இடத்தைச் சோதனை காக்காது. பயன்படுத்துவோர் பெருகினால், ஆசிரியர் வாக்களிக்காத இயல்பையும் எவரேனும் ஒருவர் நம்பியிருப்பர் என்று ஹைரம் ரைட் என்னும் பொறியாளர் கூறியிருப்பதை ஒரு விதியாகவே போற்றுகின்றனர்.

மூன்றாவது, விடை மாறக்கூடிய எந்த மாற்றத்துக்கும், ‘இதனால் பாதிக்கப்படுவோர் யார்?’ என்று ஒரு வாக்கியத்தை ஒரு மனிதர் தம் பெயரோடு எழுதிய பின்னரே வெளியீடு நடக்க வேண்டும். வாக்கியம் எழுத ஐந்து நிமிடம் ஆகும். எனக்குப் போன மூன்று வாரத்தை நினைத்தால் அது மலிவு.

நான்காவது, நம் கடமை. நூலகத்தை ஆளும் ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் தாம் பயன்படுத்திய பதிப்பெண்களைப் பூட்டி வைத்து, ஆய்வேட்டிலும் எழுத வேண்டும். வேதியியலார் மருந்தின் தூய்மையை எழுதுவதில்லையா? அதுபோல் இதுவும். நான் எழுதியிருந்தால், தவறு நேர்ந்த இடம் ஒரு மாலைப் பொழுதில் தெரிந்திருக்கும்.

பதிப்பெண்ணை விளையாட்டாகக் கொள்ளலாகாதா என்பார்க்கு ஒரு சொல். டொனால்ட் நூத் தம் டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலுக்கு 3.14, 3.141 என்று பையின் மதிப்பை நோக்கி எண் இட்டு வருகிறார்; 2021-இல் அது 3.141592653 ஆயிற்று. விளையாட்டுப் போல் தோன்றும். ஆனால் ‘இனிப் புது வசதி சேர்க்க மாட்டேன்; பிழை மட்டும் திருத்துவேன்’ என்ற வாக்கு அதனுள் இருக்கிறது. அவ்வாக்கை அவர் காத்து வருகிறார். அழகான எண் தீதன்று. வாக்கில்லாத எண்ணே தீது.

எல்லைப்புறத்தில் வாழும் நம்மைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் உள்ள தமிழ் மாணவர் பெரும்பாலும் பிறர் எழுதிய நூலகத்தின் கடைசிக் கண்ணியில் நிற்கிறோம். மேலே எவரோ ஓர் எண்ணை மாற்றினால் கீழே நம் விடை மாறும். ஆகவே நம்பியிருப்பவரின் வலி நமக்குத் தெரியும். நாளை நம்முள் ஒருவர் தமிழுக்கோ மலையாளத்துக்கோ ஒரு சிறு நூலகம் எழுதி வெளியிடும் போது, அவ்வலி நினைவில் இருக்கட்டும். எண்ணை எந்திரம் இடட்டும். கழிவை யார் போடுகிறார் என்று மட்டும் நாம் கேட்டுக் கொண்டே இருப்போம்.